வீட்டைச் சுற்றி மூங்கில்: நான்கு வழிகள், ஃபெங் சுயியும் நடைமுறையும்

வீட்டருகே மூங்கில் வைக்கலாமா என்று கேட்பவர் உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார். எந்தத் திசையில் வைத்தால் செல்வமும் உடல்நலமும் பெருகும் என்பது ஒன்று. வேர் சுவரைப் பெயர்க்குமா, பாம்பும் கொசுவும் சேருமா, பக்கத்து வீட்டாருடன் மனத்தாங்கல் வருமா என்பது மற்றொன்று. சீன மனையமைப்பு மரபான ஃபெங் சுயியின் ஆலோசகர்கள் பலரும் முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லி, இரண்டாவதைத் தோட்டக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். தோட்டக்கலை அறிந்தவர்களோ முதல் கேள்வியைக் கேட்டதும் புன்னகைத்து நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டு பதில்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லாததால், வாங்கிய கன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவது என்று தயங்கி நிற்க நேர்கிறது.

இங்கே ஒப்பிடப்படுபவை நான்கு வழிகள்: படரும் மூங்கிலைத் தரையில் நடுவது, தூர் கட்டும் மூங்கிலைத் தரையில் நடுவது, தொட்டியில் வளர்ப்பது, வீட்டுக்குள் லக்கி பேம்பூ வைப்பது. என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நட இடமுள்ளவருக்கு இரண்டாவது வழி பொருந்தும். அந்த இடம் இல்லாதவருக்கு மூன்றாவது. முதல் வழி வெகு சிலருக்கே ஏற்றது. நான்காவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது மூங்கிலே அன்று.

## எதைக் கொண்டு எடைபோடுவது

மூங்கில் மரமன்று, புல் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் 1,400க்கும் மேற்பட்ட மூங்கில் இனங்கள் இருந்தாலும், வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை அவற்றை இரண்டு வகையாகப் பார்த்தால் போதும். ஒரு வகையில் நிலத்தடித் தண்டு மண்ணுக்குள் பக்கவாட்டில் நீண்டு ஓடி, ஆங்காங்கே கணுக்களிலிருந்து குருத்து விடுகிறது; இதைப் படரும் மூங்கில் என்று அழைப்போம். மற்றொரு வகையில் நிலத்தடித் தண்டு குட்டையாகப் பருத்து, விரைவிலேயே மேல்நோக்கி வளைந்து, தானே ஒரு கழியாகிவிடுகிறது. இது தாய்ச்செடியை ஒட்டியே அடர்ந்து தூர் கட்டும். முதல் அளவுகோல் இந்த வேறுபாடுதான்; மற்றவற்றில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டாவது அளவுகோல், மூங்கிலிடம் நாம் எதிர்பார்க்கும் ஃபெங் சுயிப் பயன். ‘மூங்கில் நல்லது’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று தனித்தனிப் பயன்கள் அடங்கியிருக்கின்றன. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்து கூறுகளில் மூங்கில் மரக் கூறைச் சேர்ந்தது. அதற்குரிய திசைகளான கிழக்கையும் தென்கிழக்கையும் வலுப்படுத்துவது முதல் பயன். கிழக்கு குடும்பத்துக்கும் உடல்நலத்துக்கும், தென்கிழக்கு செல்வத்துக்கும் உரியவை என்பது மரபு. நில அமைப்பைப் பார்க்கும் பழைய முறையில் வீட்டின் பின்புறம் கருப்பு ஆமைக்குரிய உயர்ந்த அரணும், இடமும் வலமும் டிராகனுக்கும் புலிக்கும் உரிய அணைப்பும், முன்புறம் செம்பறவைக்குரிய திறந்தவெளியும் இருக்க வேண்டும். அந்த அரணாகவோ அணைப்பாகவோ நிற்பது இரண்டாவது பயன். எதிர்க் கட்டடத்தின் கூர்மையான மூலையிலிருந்தோ வாசலை நோக்கி நேராக வரும் சாலையிலிருந்தோ பாய்வதாகக் கருதப்படும் ‘ஷா’ எனும் கேடான ஓட்டத்தை மறைப்பது மூன்றாவது பயன்.

இந்த மூன்றுக்கும் தேவைப்படும் செடியின் அளவு ஒன்றல்ல என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மரக் கூறை வலுப்படுத்த ஒரு சிறு தொட்டி போதும். மறைப்புக்கு ஆள் உயரத்துக்குச் சற்று மேலான, இடைவெளியில்லாத ஒரு வரிசை வேண்டும். அரணுக்குத்தான் உண்மையான தோப்பு போன்ற அடர்த்தி தேவை. செல்வ மூலைக்கு மரக் கூறு வேண்டும் என்று மட்டும் ஆலோசனை பெற்றவர், பத்து மீட்டர் வளரும் இனத்தை அங்கே நட வேண்டிய அவசியமே இல்லை.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. ஃபெங் சுயியில் செடி உயிரோட்டத்தின் அடையாளம். வாடிய, மஞ்சளித்த, குப்பை சேர்ந்த செடி எதிர்மாறான பயனையே தரும் என்பது ஃபெங் சுயியின் எல்லாப் பிரிவுகளும் ஒப்புக்கொள்ளும் விதி. வாசலை மறைப்பதும் சன்னல் வெளிச்சத்தை அடைப்பதும் அப்படியே. ஆகவே பராமரிப்பு என்ற மூன்றாவது அளவுகோலை நடைமுறைக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்காவது, பின்வாங்கும் செலவு: ஐந்து ஆண்டுகள் கழித்து ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் எவ்வளவு உழைப்பும் பணமும் ஆகும் என்பது. இதை யாரும் வாங்கும்போது கேட்பதில்லை. நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். ஐந்தாவது, வீட்டிலும் அண்டையிலும் யார் இருக்கிறார்கள் என்பது: குழந்தைகள், பூனை, நாய், வேலிக்கு அப்பால் வசிப்பவர்.

| அளவுகோல் | படரும் மூங்கில், தரையில் | தூர் கட்டும் மூங்கில், தரையில் | தொட்டி மூங்கில் | லக்கி பேம்பூ |
|---|---|---|---|---|
| மண்ணுக்கடியில் | எல்லை தாண்டி ஓடும் | தூரின் சுற்றளவு மெல்ல விரியும் | தொட்டிக்குள் நெருக்கும் | சிக்கலில்லை |
| கூறை வலுப்படுத்த | தேவைக்கு மிஞ்சியது | ஏற்றது | மிக ஏற்றது | ஏற்றது |
| அரண், மறைப்பு | மிக ஏற்றது | மிக ஏற்றது | மறைப்புக்கு மட்டும் ஓரளவு | பயன்படாது |
| ஆண்டு உழைப்பு | எல்லையைக் கண்காணித்தல், வெட்டுதல் | பழைய கழி களைதல், சருகு அள்ளுதல் | தொடர்ந்து நீர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்தல் | நீர் மாற்றுதல் |
| பின்வாங்கும் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | இல்லை எனலாம் |
| பூனை, நாய் | நஞ்சில்லை | நஞ்சில்லை | நஞ்சில்லை | தின்றால் நஞ்சு |

## படரும் மூங்கில்: அழகிய தோப்பு, ஓயாத காவல்

சீன ஓவியங்களில் நாம் காணும், கழிகள் விலகி விலகி நிற்க இடையே ஆள் நடந்து போகக்கூடிய தோப்பு இந்த வகை மூங்கிலின் கொடை. ஃபில்லோஸ்டேக்கிஸ் பேரினத்தைச் சேர்ந்த மோசோ மூங்கில், கருப்பு மூங்கில், தங்க மூங்கில் ஆகியவை இதில் அடங்கும். பிளம், ஆர்க்கிட், சாமந்தி ஆகியவற்றுடன் மூங்கிலையும் சேர்த்து ‘நான்கு கனவான்கள்’ என்று சீன மரபு போற்றுகிறது. வளைந்தாலும் முறியாத இயல்பும் நடுவில் வெற்றிடம் கொண்ட அடக்கமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கிராமத்தின் முதுகுப்புறத்தில் ‘ஃபெங் சுயி காடு’ என்று தோப்பைக் காத்துவரும் வழக்கம் தென் சீனாவிலும் ஹாங்காங்கிலும் உண்டு. ஆனால் அந்தத் தோப்பு ஊர் முழுவதற்கும் பொதுவானது, மலைச்சரிவில் தாராளமாகப் பரவ இடமுள்ளது. அதே யோசனையை நான்கு பக்கமும் மதில் உள்ள மனைக்குள் கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த மூங்கில் சாதுவாகத் தோன்றும். அந்தக் காலத்தில் அது தன் ஆற்றலை மண்ணுக்குள் நிலத்தடித் தண்டை நீட்டுவதில் செலவிடுகிறது. அதன் பிறகு ஒரு வசந்த காலத்தில், நட்ட இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி, நடைபாதைக் கல்லின் இடுக்கிலோ பக்கத்துத் தோட்டத்திலோ குருத்து தலைகாட்டும். குருத்தின் வேகமும் சாதாரணமானது அன்று; சில இனங்களில் ஒரே நாளில் 90 செ.மீ. வரை வளர்ந்தது பதிவாகியிருக்கிறது. கழி இரண்டு மூன்று மாதங்களில் தன் முழு உயரத்தை எட்டிவிடும், பிறகு உயரவும் செய்யாது, பருக்கவும் செய்யாது.

இதன் வேர் கட்டடத்தையே இடித்துவிடும் என்ற அச்சம் மிகையானது. பழுதில்லாத கான்கிரீட்டை அது துளைப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு, குழாய் இணைப்பின் தளர்வு, கல் பதித்த தரையின் இடைவெளி ஆகிய எதையும் அது விடாது. மரப்பலகைத் தளங்களுக்கும் செங்கல் பாவிய முற்றங்களுக்கும் அடியில் சென்றுவிட்டால், மேலே இருப்பதைப் பெயர்க்காமல் அதை அகற்ற வழியில்லை.

நட்டே தீருவேன் என்பவருக்கு இரண்டு தடுப்பு முறைகள் உண்டு. முதலாவது, சுமார் 1.5 மி.மீ. கனமுள்ள பாலித்தீன் தகட்டை 60 முதல் 75 செ.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் புதைப்பது. தகட்டின் மேல் விளிம்பு மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தெரிய வேண்டும், மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மோதும் தண்டு கீழே புகாமல் மேலெழும்பும், விளிம்பைத் தாண்ட முயல்வதைப் பார்த்து வெட்ட முடியும். தகடு புதைத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். விளிம்பை மண்ணும் சருகும் மூடியதும் தண்டு சத்தமில்லாமல் ஏறிக் கடந்துவிடும். இரண்டாவது முறை, தோப்பைச் சுற்றி 30 செ.மீ. அகலமும் ஆழமும் கொண்ட கால்வாயை வெட்டி, ஆண்டுக்கு இருமுறை அதற்குள் நீளும் தண்டுகளை நறுக்குவது. இதில் முதலீடு குறைவு, உழைப்பு அதிகம். கண்ணுக்குத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு இதன்மீதுதான் நம்பிக்கை அதிகம்.

சட்டப் பக்கமும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் தங்க மூங்கிலைத் தடைசெய்யப்பட்ட ஊடுருவு இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் 2013இல் படரும் மூங்கிலுக்கென்றே சட்டம் இயற்றி, எல்லை தாண்டி நேரும் சேதத்துக்கு நட்டவரையே பொறுப்பாக்கியது. ஃபெங் சுயி நோக்கில் பார்த்தாலும், அண்டை வீட்டாருடன் தீராத பகையை வளர்க்கும் செடியை நல்ல ஆற்றலின் ஊற்று என்று சொல்ல வாய் வராது.

இது சிறந்த தேர்வாகும் சூழல்கள் குறைவாயினும் தெளிவானவை. பரந்த நிலம், சரிந்துகொண்டிருக்கும் கரை, சுற்றிலும் தொடர்ந்து வெட்டப்படும் புல்வெளி (வெளியே வரும் இளங்குருத்தைப் புல்வெட்டும் இயந்திரமே முடித்துவிடும்), கடுங்குளிர் காரணமாக வெப்பமண்டல மூங்கில்கள் பிழைக்காத பகுதி ஆகியவை அவை. கடைசிச் சூழலில்கூட, குளிர் தாங்கித் தூர் கட்டும் ஃபார்ஜீசியா இனங்கள் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

## தூர் கட்டும் மூங்கில்: பெரும்பாலோருக்கு ஏற்றது, ஆனால் சுவரை ஒட்டியன்று

வேலி மூங்கில், மஞ்சள் மூங்கில், புத்தர் வயிற்று மூங்கில் முதலிய பம்பூசா இனங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை எல்லை தாண்டி ஓடுவதில்லை என்பதே இவற்றின் முதல் தகுதி. ஆனால் ‘ஓடாது’ என்பதை ‘விரியாது’ என்று புரிந்துகொண்டு மதிலை ஒட்டி நடுவதுதான் மிகப் பரவலான தவறு. தூர் ஆண்டுதோறும் எல்லாப் பக்கமும் சற்றே விரிகிறது. சுவர்ப் பக்கம் இடமில்லாதபோது புதிய குருத்துகள் சுவரை நெருக்குகின்றன; பலவீனமான மதிலைச் சாய்க்கவும் தரைக்கற்களைத் தூக்கவும் அந்த நெருக்கம் போதும். அதைவிடப் பெரிய சிக்கல், பின்பக்கத்துக் கழிகளை வெட்ட ஆள் போக முடியாமல் போவது. சிறிய இனங்களுக்குச் சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டரும், பெரிய இனங்களுக்கு மூன்று மீட்டருக்கு மேலும் விட வேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. மழையில் நனைந்த கழிகள் எடை தாங்காமல் வெளிப்புறம் வளைந்து தொங்குவதையும் இதில் கணக்கிட வேண்டும்.

இனத் தேர்வில் இருக்கும் மறைமுகச் செலவு வாங்கும்போது தெரியாது. நர்சரியில் முழங்கால் உயரத்தில் அழகாக நிற்கும் மஞ்சள் மூங்கில் தரையில் வேரூன்றினால் பத்து மீட்டரைத் தாண்டும். மின்கம்பிக்குக் கீழே அதை நட்டவர் ஆண்டு முழுவதும் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். புத்தர் வயிற்று மூங்கிலின் கதை வேறு. கணுக்களுக்கிடையே தொப்பை போல உப்பிய அதன் கழிகளைச் செழிப்பின் அடையாளமாகக் கருதியே பலரும் வாங்குகிறார்கள். அந்த உப்பலோ, நீரும் இடமும் குறைந்த நெருக்கடியில் தோன்றுவது. வளமான மண்ணில் தாராளமாக நீர்விட்டு வளர்த்தால் புதிய கழிகள் மெலிந்து நேராக, சாதாரண மூங்கிலாக உயர்ந்துவிடும். அந்த வடிவம் வேண்டுமென்றால் தொட்டியே அதற்குரிய இடம். முள் மூங்கிலை வீட்டருகே நடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கூரிய முள்ளுள்ள செடியை ஃபெங் சுயியும் விலக்குகிறது, அதை வெட்டிப் பார்த்த கையும் விலக்கும்.

பராமரிப்பின் மையம் பழைய கழிகளைக் களைவது. இளங்கழியின் கணுக்களுக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அடியில் உறையின் மிச்சம் ஒட்டியிருக்கும். நான்கு ஆண்டுகள் கடந்த கழி பொலிவிழந்து, பாசியோ சாம்பல் திட்டுகளோ படிந்திருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை பழையவற்றை மட்டும் எடுத்துவந்தால் தூருக்குள் காற்றும் ஒளியும் புகும். அப்படிச் செய்யாத தூர்தான் உள்ளே காய்ந்து, சருகு மண்டி, எலிக்கும் அதைத் தேடிவரும் பாம்புக்கும் இடமாகிறது. மூங்கில் இருந்தால் பாம்பு வரும் என்ற பேச்சு பெரும்பாலும் களையப்படாத தூர்களைப் பார்த்து எழுந்தது.

வெட்டும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கழியைக் கணுவுக்குச் சற்று மேலே, ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டினால் அடியில் நிற்கும் கட்டை கிண்ணமாகிவிடும். மழைநீர் தேங்கும் அந்தக் கிண்ணம் ஏடிஸ் கொசுக்கள் முட்டையிட விரும்பும் இடங்களில் ஒன்று. ஒரே தூரில் இப்படிப் பத்துக் கட்டைகள் இருந்தால், வீட்டுக்குள் எத்தனை வலை கட்டினாலும் கொசு குறையாது. குருத்தின் உறைகளில் உள்ள சுணை தோலில் பட்டால் அரிக்கும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

இலையுதிர்வு ஒரு பருவத்தோடு நிற்பதில்லை, ஆண்டு முழுவதும் கொஞ்சமோ நிறையவோ உதிரும். கூரை வடிகாலில் சேர்ந்தால் நீர் அடைக்கும். தரையில் விழுந்ததை முழுக்க அகற்றவும் வேண்டாம். மூங்கிலுக்குத் தேவையான சிலிக்கா அந்தச் சருகில் இருப்பதால், தூரடியில் மெல்லிய மூடாக்காக விடுவது செடிக்கு நல்லது. சுவரோரத்தையும் வாசலையும் மட்டும் சுத்தமாக வைத்தால் போதும்.

கடைசியாக, மூங்கில் பூப்பதைப் பற்றி. பல இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, சில இனங்கள் நூறாண்டுக்கும் மேலான இடைவெளியில், கூட்டமாகப் பூத்து மடிகின்றன. ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த கன்றுகளால் அமைந்த வேலி என்றால் மொத்த வேலியும் ஒரே காலத்தில் காய்ந்துபோகும். இதற்குக் கெட்ட சகுனம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, செடியின் வாழ்க்கைச் சுழற்சியே அதுதான். ஆனால் வீட்டின் முதுகுப்புற அரணையே மூங்கிலிடம் ஒப்படைப்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் கலந்து நடுவது விவேகம்.

## தொட்டி மூங்கில்: இடம் மாற்ற முடியும் என்பதே பலம்

வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மாடி முற்றம் மட்டுமே உள்ளவருக்கும், பின்வாங்கும் செலவைப் பற்றி என்னைப் போல அதிகம் கவலைப்படுபவருக்கும் இதுவே பொருத்தம். ஃபெங் சுயியில் ஆண்டுதோறும் இடம்பெயரும் ‘பறக்கும் நட்சத்திரங்களை’ப் பின்பற்றுபவர்களுக்குத் தரையில் நட்ட தூர் ஒத்துவராது; அவர்கள் கணக்குப்படி இந்த ஆண்டு நன்மை தரும் திசை அடுத்த ஆண்டு மாறலாம். தொட்டியை நகர்த்தலாம், தூரை நகர்த்த முடியாது.

நகர்த்தலாம் என்றாலும் எடையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 100 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி, நீரில் ஊறிய தோட்டமண்ணோடு 150 கிலோவைத் தாண்டிவிடும். பால்கனியின் விளிம்பில் இப்படி நான்கை வரிசையாக வைப்பதற்கு முன், தளம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டுமானம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். உயரமான கழிகள் காற்றைப் பிடிப்பதால் தொட்டி கவிழும் வாய்ப்பும் உண்டு. குறுகிய அடிப்பாகம் கொண்ட அலங்காரத் தொட்டியைவிட அகன்ற, தாழ்ந்த தொட்டியே பாதுகாப்பானது.

தொட்டி மூங்கிலின் உண்மையான விலை தண்ணீர். வேர் முழுவதையும் நிரப்பிவிட்ட தொட்டி, வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டாலும் தாகத்தைக் காட்டிவிடும்: இலைகள் நீளவாக்கில் சுருண்டு ஊசிகள் போல நிற்கும். அன்றே நீர்விட்டால் சில மணி நேரத்தில் விரிந்துவிடும். அடிக்கடி சுருள விட்டால் நுனிகள் பழுப்பேறும், பிறகு அந்தச் செடி எந்த மூலையில் இருந்தாலும் ஃபெங் சுயிக் கணக்கில் நன்மை சேர்க்காது. ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தால் நீர்விட ஆள் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டே இந்த வழியில் இறங்க வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெளியே எடுத்து, வேர்க்கட்டியை ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, பாதியைப் புதிய மண்ணில் வைக்க வேண்டும். கத்தியால் முடியாது, வேர் அவ்வளவு இறுகியிருக்கும். இதைத் தள்ளிப்போட்டால் பிளாஸ்டிக் தொட்டி பிதுங்கும், மண்தொட்டி வெடிக்கும். தொட்டி என்ற துணிவில் படரும் இனத்தை வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொட்டி வெறும் மண்தரையில் இருந்தால், வடிகால் துளை வழியே தண்டு இறங்கி, கீழே தன் தோப்பைத் தொடங்கிவிடும். கல்மீதோ தாங்கிமீதோ வைத்தால் அந்தக் கவலை இல்லை.

## லக்கி பேம்பூ: பெயரில் மட்டும் மூங்கில்

கண்ணாடிக் குவளையில் கூழாங்கற்களுக்கு நடுவே நிற்கும் இந்தச் செடி, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா சாண்டெரியானா. கணுக்கள் இருப்பதால் மூங்கில் போலத் தோன்றுகிறது, மற்றபடி இரண்டுக்கும் உறவில்லை. ஃபெங் சுயி ஆலோசகர்கள் இதை மரக் கூறாகவே ஏற்கிறார்கள். தண்டு மரம், குவளை நீர் நீர், கூழாங்கல் மண், கட்டிய சிவப்பு நாடா நெருப்பு, நாணயமோ உலோகக் கிண்ணமோ உலோகம் என ஐந்து கூறுகளும் ஒரே குவளையில் அமைந்துவிடுவது இதன் கவர்ச்சி. தண்டுகளின் எண்ணிக்கைக்கும் பொருள் சொல்வார்கள்: இரண்டு இல்லறத்துக்கு, மூன்று மகிழ்ச்சிக்கு, எட்டு செல்வத்துக்கு, நான்கு மட்டும் கூடாது, சீனத்தில் அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்கு நெருக்கமானது.

மூன்று கவனங்கள் போதும். முதலாவது, பூனையும் நாயும் இதைக் கடித்தால் அவற்றுக்கு நஞ்சு. வாந்தியும் சோர்வும் வரும். உண்மையான மூங்கிலுக்கு இந்தக் குறை இல்லை என்பதால், செல்லப் பிராணிகள் உள்ள வீட்டில் சிறு தொட்டி மூங்கிலை வெளிச்சமான வராந்தாவில் வைப்பது மேல். இரண்டாவது, நீரை வாரம் ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். 2001இல் ஆசியப் புலிக்கொசு கலிபோர்னியாவுக்குள் நுழைந்தது சீனாவிலிருந்து நீரில் நிறுத்திக் கப்பலில் அனுப்பப்பட்ட லக்கி பேம்பூவோடுதான். அதிர்ஷ்டத்துக்கென்று வைத்த குவளையில் கொசுப்புழு நெளிவதைக் காட்டிலும் முரண்பாடு வேறில்லை. மூன்றாவது, குளோரினும் ஃபுளூரைடும் கலந்த குழாய் நீரில் இலைநுனி பழுப்பேறும், நேர் வெயிலில் இலை வெந்துவிடும். தண்டு அடியிலிருந்து மஞ்சளானால் அது மீளாது. அந்த ஒன்றை உடனே எடுத்துவிட வேண்டும், மற்றவை பிழைக்கும்.

மேசைமீதோ வரவேற்பறையிலோ கூறை வலுப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. வெளிப்புற அரணுக்கோ மறைப்புக்கோ இது எவ்வகையிலும் மாற்றாகாது.

## திசையும் இடமும் ஒத்துப்போகாதபோது

தென்கிழக்கு மூலையில்தான் செப்டிக் டேங்க் இருக்கிறது. கிழக்கில் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. இப்படிப்பட்ட நிலையில் எதை விட்டுக்கொடுப்பது? தயக்கமின்றி, தரையில் நடும் யோசனையை விட்டுவிட்டு அந்தத் திசையில் ஒரு தொட்டியை வைக்கலாம். மூடியைத் திறக்கவும் குழாயைப் பழுதுபார்க்கவும் வழி மறிக்காமல் இருந்தால் போதும்.

ஃபெங் சுயிக்குள்ளேயே இதற்கு இடமிருக்கிறது. திசைகாட்டி முறையில் செல்வ மூலை என்பது தென்கிழக்கு. ஃபெங் சுயி ஆசிரியர் லின் யுன் மேலைநாடுகளில் பரப்பிய முறையிலோ வாசலில் நின்று உள்ளே பார்க்கும்போது இடப்புறத்தின் கடைக்கோடி. இரண்டும் ஒரே வீட்டில் வெவ்வேறு இடங்களாக அமையலாம். ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும் என்றாலும், முறைகளே வேறுபடும் ஒரு விஷயத்துக்காகக் கழிவுநீர்க் குழாய்மீது மூங்கில் நடுவது நியாயமாகாது. வீட்டின் நடுப்பகுதியும் தென்மேற்கும் மண் கூறுக்குரியவை. மரம் மண்ணை அடக்கும் என்பதால் அங்கே பெரிய மூங்கிலைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

படுக்கையறை சன்னலோரம் நடுவதற்கு முன், காற்றில் கழிகள் உரசும் ஓசையை இரவு முழுவதும் கேட்கச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குத் தூக்கக்கேடு. அடுப்பு, ஜெனரேட்டர், குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றுக்கு அருகே தூர் வேண்டவே வேண்டாம். சருகு எளிதில் பற்றும், தீயில் அகப்பட்ட கழி அதன் மூடிய அறைகளுக்குள் உள்ள காற்றும் ஈரமும் சூடேறுவதால் வெடிக்கும். வெடிமருந்துப் பட்டாசு வருவதற்கு முன் சீனர்கள் மூங்கிலை நெருப்பிலிட்டு அந்த ஓசையால் தீய ஆவிகளை விரட்டினார்கள் என்பது இதன் வேகத்தைப் புரியவைக்கும்.

## ஏற்கெனவே நட்டுவிட்டவர்களுக்கு

எந்த வகை என்று தெரியாமல் நட்டவர் கழியைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். கிளை புறப்படும் கணுவுக்கு மேலே கழியின் ஒரு பக்கம் தட்டையாகவோ பள்ளம் விழுந்தோ இருந்து, கணுவுக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு கிளைகள் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் ஃபில்லோஸ்டேக்கிஸ், அதாவது படரும் வகை. ஒரு கணுவிலிருந்து கொத்தாகப் பல கிளைகள் வந்து, கழி முழு உருண்டையாக இருந்தால் தூர் கட்டும் பம்பூசாவாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிசெய்ய, ஓரத்தில் ஒரு முழம் தோண்டிப் பார்க்க வேண்டும்: கிடைமட்டமாக ஓடும், கணுக்கணுவாக வேர்விட்ட மெல்லிய தண்டு தென்பட்டால் அன்றைக்கே எல்லைக் கால்வாயைத் தொடங்கிவிடுவது நல்லது.

முழுதாக அகற்ற நினைப்பவர் எல்லாக் கழிகளையும் தரையோடு வெட்டி, புதிய குருத்து எழுந்து இலை விரிக்கும் முன் மறுபடி வெட்டி, மண்ணில் சேமித்த உணவு தீரும்வரை இதைச் சில பருவங்கள் விடாமல் செய்ய வேண்டும். முடிந்த இடங்களில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தண்டைப் பெயர்த்தெடுத்தால் காலம் குறையும். அண்டை நிலத்துக்குள் ஏற்கெனவே போயிருந்தால் அவர்கள் பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால், மறுபக்கத்து இலைகள் தயாரிக்கும் உணவு நிலத்தடித் தண்டு வழியாக இந்தப் பக்கத்துக் குருத்துகளுக்கு வந்துகொண்டே இருக்கும்.